வரைவு விதிகள் மீதான பொதுமக்கள் கருத்துக் கேட்பு

பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்பது, அரசோ அரசின் ஒழுங்குமுறை ஆணையமோ ஒரு விதியை அல்லது கட்டணத்தை இறுதி செய்வதற்கு முன், அதன் வரைவை வெளியிட்டு, அதனால் பாதிக்கப்படக்கூடிய மக்களின் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் பெற்றுப் பரிசீலிக்கும் நடைமுறை ஆகும். இக்கட்டுரை இந்தியாவில் இந்நடைமுறை செயற்படும் விதத்தை விளக்குகிறது. இந்தியாவில் எல்லா விதிகளுக்கும் பொருந்தக்கூடிய ஒரே கருத்துக் கேட்புச் சட்டம் இல்லை. மின்சாரம், தொலைத்தொடர்பு, சுற்றுச்சூழல், மோட்டார் வாகனம் முதலிய துறைகளில் அந்தந்தச் சட்டத்திலேயே இதற்கான ஏற்பாடு உள்ளது. வரைவு எந்த மொழியில் வெளியாகிறது, எத்தனை நாள் அவகாசம் தரப்படுகிறது, கருத்துகளுக்குக் காரணத்துடன் பதில் தரப்படுகிறதா என்னும் மூன்றையும் பொறுத்தே இவ்வுரிமையின் பயன் அமைகிறது.

விதிகளின் முக்கியத்துவம்

நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் இயற்றும் சட்டங்கள் பெரும்பாலும் பொதுவான கொள்கைகளையே வகுக்கின்றன. நுணுக்கமான விவரங்களை வகுக்கும் அதிகாரம் அரசுத் துறைகளிடமும் ஆணையங்களிடமும் ஒப்படைக்கப்படுகிறது. இவ்வாறு உருவாகும் விதிகள், ஒழுங்குமுறைகள், அறிவிக்கைகள் ஆகியன துணைநிலைச் சட்டங்கள் எனப்படும்.

ஒரு குடிமகனின் அன்றாட வாழ்வைத் தொடுவன பெரும்பாலும் இத்துணைநிலைச் சட்டங்களே. ஓட்டுநர் உரிமம் பெறும் முறை, மின் கட்டண வீதம், கைபேசி நிறுவனம் வசூலிக்கக்கூடிய கட்டணம், ஊருக்கு அருகே ஒரு சுரங்கம் அமைய வேண்டிய நிபந்தனைகள் முதலியன இவற்றால் முடிவு செய்யப்படுகின்றன. சட்ட முன்வரைவுகள் மன்றத்தில் விவாதிக்கப்படுகின்றன. விதிகளோ அலுவலகங்களில் எழுதப்பட்டு அரசிதழில் வெளியாகின்றன. எனவே, விதி உருவாகும்போது மக்கள் தம் கருத்தைக் கூறுவதற்கு உள்ள முதன்மையான வாய்ப்பு கருத்துக் கேட்பே எனலாம்.

வரலாறு

பிரித்தானியாவில் 1893 ஆம் ஆண்டின் விதிகள் வெளியீட்டுச் சட்டம், சிலவகை விதிகளுக்கு 40 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1897 ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம், தன் 23 ஆம் பிரிவில் 'முன் வெளியீடு' என்னும் நடைமுறையை வரையறுத்தது. இது இன்றும் நடைமுறையில் உள்ளது. பிரித்தானியச் சட்டம் 1946 இல் நீக்கப்பட்டது. அதே 1946 இல் ஐக்கிய அமெரிக்கா நிர்வாக நடைமுறைச் சட்டத்தை இயற்றி, கூட்டரசு முகமைகள் விதி வகுக்கும்போது அறிவிப்பு வெளியிட்டுக் கருத்துப் பெறுவதைப் பொது நெறியாக்கியது.

சட்ட அடிப்படை

முன் வெளியீடு

1897 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23 ஆம் பிரிவின்படி, முன் வெளியீட்டு நிபந்தனைக்கு உட்பட்ட விதிகளை வகுக்கும்போது பின்வரும் படிகள் பின்பற்றப்பட வேண்டும்.

* பாதிக்கப்படக்கூடியவர்கள் அறியும்பொருட்டு வரைவு விதி வெளியிடப்பட வேண்டும்.
* எந்நாளில் அல்லது எந்நாளுக்குப் பின் வரைவு பரிசீலிக்கப்படும் என்பது அறிவிக்கப்பட வேண்டும்.
* அந்நாளுக்கு முன் வந்து சேரும் ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் பரிசீலிக்கப்பட வேண்டும்.

தாய்ச் சட்டத்தில் முன் வெளியீடு கோரப்பட்டிருந்தால் மட்டுமே இப்பிரிவு பொருந்தும். எடுத்துக்காட்டாக, 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தன் கீழ் வகுக்கப்படும் விதிகளுக்கு முன் வெளியீட்டை நிபந்தனையாக்கியுள்ளது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்

2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய உண்மைகள் அனைத்தையும் வெளியிடுமாறு பொது அதிகார அமைப்புகளைப் பணிக்கிறது. நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டோருக்குத் தெரிவிக்க வேண்டும் எனவும், தகவலைப் பரப்பும்போது உள்ளூர் மொழியைக் கருத்திற்கொள்ள வேண்டும் எனவும் அதே பிரிவு கூறுகிறது.

2014 ஆம் ஆண்டுக் கொள்கை

சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாய்வுக் கொள்கையை நடுவண் அரசு 2014 இல் வகுத்தது. இதன்படி, ஒவ்வொரு துறையும் தன் வரைவுச் சட்டத்தை அல்லது வரைவு விதியைக் குறைந்தது 30 நாள்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எளிய மொழியில் விளக்கக் குறிப்பும், மக்களின் வாழ்வாதாரம், சுற்றுச்சூழல், அடிப்படை உரிமைகள் ஆகியவற்றின் மீதான தாக்கம் பற்றிய மதிப்பீடும் உடன் வெளியிடப்பட வேண்டும். பெறப்பட்ட கருத்துகளின் சுருக்கத்தையும் வெளியிட வேண்டும். எனினும் இது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமன்று. நிர்வாகக் கொள்கை மட்டுமே. கலந்தாய்வு சாத்தியமில்லை எனத் துறை கருதினால், அதற்கான காரணத்தை அமைச்சரவைக் குறிப்பில் பதிவு செய்துவிட்டு மேலே செல்ல இயலும்.

சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக் கூட்டம்

தமிழ்நாட்டில் 'கருத்துக் கேட்புக் கூட்டம்' என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, தொழிற்சாலை அல்லது சுரங்கத் திட்டங்களுக்காக மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடைபெறும் கூட்டமே. இது விதி பற்றியது அன்று. ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்குவது பற்றியது. 1994 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 1997 இல் செய்யப்பட்ட திருத்தம் இக்கூட்டத்தைக் கட்டாயமாக்கியது. அவ்வறிவிக்கைக்கு மாற்றாக 14 செப்டம்பர் 2006 அன்று வெளியான அறிவிக்கை இதன் நடைமுறையை விரிவாக வகுத்தது. சில திட்ட வகைகளுக்கு இதில் விலக்கு உண்டு. 2006 ஆம் ஆண்டு அறிவிக்கையின் முக்கியக் கூறுகள் வருமாறு:

* கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தரப்பட வேண்டும்.
* ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வெளியிடப்பட வேண்டும். நாளிதழ் எட்டாத ஊர்களில் பறையறைதல், வானொலி போன்ற பிற வழிகளில் அறிவிக்க வேண்டும். (தண்டோரா முறையைக் கைவிடுமாறு தமிழ்நாடு அரசு 2022 இல் அறிவுறுத்தியது. அதற்கு மாற்றாக வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்கலாம் எனவும் கூறியது.)
* வரைவு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும்.
* மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி அவருக்கு உதவுவார்.
* நிகழ்வு முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும்.
* கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பு உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கப்பட வேண்டும்.

கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை எதுவும் வரையறுக்கப்படவில்லை. ஆகவே, மிகச் சிலரே வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும். நேரில் பேசும் வாய்ப்பு உள்ளூர் மக்களுக்கு உரியது. திட்டத்தில் அக்கறைகொள்ளத் தக்க காரணம் உடைய பிறர் எழுத்து வழியாகக் கருத்து அனுப்பலாம்.

கருத்துக் கேட்பும் ஒப்புதலும்

கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அன்று. பெரும்பான்மையோர் எதிர்த்தாலும் அரசு அத்திட்டத்தை அனுமதிக்கலாம். ஒப்புதல் பெறுவது வேறுவகை நடைமுறை. 2013 ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், தனியார் நிறுவனங்களுக்காக நிலம் எடுக்கும்போது பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் ஒப்புதலையும், பொது-தனியார் கூட்டுத் திட்டங்களுக்கு 70 விழுக்காட்டினரின் ஒப்புதலையும் கோருகிறது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட்டு எடுப்பது பற்றிய கேள்வியைக் கிராம சபைகளின் முன் வைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2013 இல் ஆணையிட்டது. 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன.

எனினும் கருத்துக் கேட்பு வெறும் சடங்காகவும் இருத்தல் கூடாது. கோவாவில் ஒரு சுரங்கம் தொடர்பான வழக்கில், கூட்டத்தில் எழுப்பப்பட்ட ஆட்சேபணைகளை வல்லுநர் மதிப்பீட்டுக் குழு பரிசீலித்துக் காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என தில்லி உயர் நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

இணைய நடுநிலைமை (2015-2016)

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்), 27 மார்ச் 2015 அன்று இணையவழிச் சேவைகள் பற்றி 118 பக்கங்கள் கொண்ட கலந்தாய்வுத் தாளை வெளியிட்டது. இதில் 20 கேள்விகள் இருந்தன. தன்னார்வலர்கள் இதனை எளிமையாகச் சுருக்கி வெளியிட்ட பின்னர், 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் ஆணையத்துக்குச் சென்றன. கருத்து அனுப்பியோரின் மின்னஞ்சல் முகவரிகளையும் ஆணையம் தன் இணையத்தளத்தில் வெளியிட்டதால் தனியுரிமை பற்றிய கண்டனம் எழுந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் பாகுபாட்டுக் கட்டணம் பற்றி மற்றொரு தாள் வெளியானது. இதற்கு இலட்சக்கணக்கில் வந்த ஒரே வாசகம் கொண்ட கடிதங்கள் பல, தாளில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடையாக அமையவில்லை என ஆணையம் சுட்டிக்காட்டியது. 8 பிப்ரவரி 2016 அன்று, இணைய உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக் கட்டணத்தில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் ஒழுங்குமுறை வெளியிடப்பட்டது. மீறலுக்கு நாளொன்றுக்கு 50,000 ரூபாய் வீதம் 50 இலட்சம் ரூபாய் வரை தொகை விதிக்க அதில் வழி செய்யப்பட்டது.

அழைப்பு முறிவு வழக்கு (2016)

கைபேசி அழைப்பு இடையில் துண்டிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு அழைப்புக்கு 1 ரூபாய் வீதம், நாளொன்றுக்கு மூன்று அழைப்புகள் வரை இழப்பீடு தர வேண்டும் என டிராய் 2015 இல் ஒழுங்குமுறை வகுத்தது. 11 மே 2016 அன்று உச்ச நீதிமன்றம் இதனைச் செல்லாது என அறிவித்தது. ஒழுங்குமுறை தன்னிச்சையானது என்பதுடன், சட்டம் கோரும் வெளிப்படைத்தன்மை பின்பற்றப்படவில்லை என்பதும் தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. கருத்துகளுக்குக் காரணத்துடன் பதில் தரும் நடைமுறையைத் துணைநிலைச் சட்டங்களுக்கு உரியதாக்கும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் எண்ணிப் பார்க்கலாம் எனவும் நீதிமன்றம் கூறியது. கருத்துக் கேட்பில் குறை நேர்ந்தால், நுகர்வோருக்குச் சாதகமான விதியும் நிலைக்காமல் போகலாம் என்பதற்கு இவ்வழக்கு எடுத்துக்காட்டு ஆகும்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு (2020)

2006 ஆம் ஆண்டு அறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவு மார்ச் 2020 இல், கொரோனா ஊரடங்கு தொடங்கிய வேளையில் வெளியானது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கான அறிவிப்புக் காலத்தை 30 நாள்களிலிருந்து 20 நாள்களாகக் குறைப்பதும் அதில் அடங்கும். வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிடப்பட்டிருந்தது. தமிழ் முதலிய மொழிகளில் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 30 சூன் 2020 அன்று தில்லி உயர் நீதிமன்றம், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் வரைவை மொழிபெயர்த்து வெளியிடுமாறு ஆணையிட்டு, கருத்துக் கூறும் காலத்தை 11 ஆகத்து 2020 வரை நீட்டித்தது. நடுவண் அரசு இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகியது. இலட்சக்கணக்கான கருத்துகள் வந்தன. வரைவு இறுதி அறிவிக்கையாகவில்லை.

மண் எடுத்தல் வழக்கு (2024)

சாலை, குழாய்த்தடம் போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்னும் விலக்கு, 28 மார்ச் 2020 அன்று கருத்துக் கேட்பின்றி அறிவிக்கப்பட்டது. பொதுநலன் கருதி முன்னறிவிப்பைத் தவிர்க்க விதிகளில் இடம் உண்டு. ஆனால் அவ்வாறு தவிர்த்ததற்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை எனக் கூறி, 21 மார்ச் 2024 அன்று உச்ச நீதிமன்றம் இவ்விலக்கை நீக்கியது.

தமிழ்நாட்டில் மின் கட்டணம்

2003 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தின் 64 ஆம் பிரிவின்படி, கட்டண மனுவின் சுருக்கம் வெளியிடப்பட வேண்டும். பொதுமக்களிடமிருந்து வரும் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்து, 120 நாள்களுக்குள் ஆணையம் ஆணை பிறப்பிக்க வேண்டும். 2022 இல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் ஆகத்து மாதத்தில் கூட்டங்களை நடத்தியது. புதிய கட்டணம் 10 செப்டம்பர் 2022 முதல் நடைமுறைக்கு வந்தது.

பயனுள்ள கருத்தின் கூறுகள்

கருத்து அனுப்புவதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. பரிசீலிப்பவர் எளிதில் கையாளத்தக்க கருத்தில் பொதுவாகப் பின்வருவன இருக்கும்.

* வரைவின் எண், நாள், தொடர்புடைய விதியின் எண்
* இப்போதைய நிலைக்கும் முன்மொழியப்படும் நிலைக்கும் உள்ள வேறுபாடு
* அதனால் யார், எவ்வாறு பாதிக்கப்படுவர் என்பதற்கான சான்று (மின் கட்டணப் பட்டியல், நிழற்படம், கிணற்று நீர் ஆய்வறிக்கை போன்றவை)
* விதிக்கு மாற்றாக முன்மொழியும் வாசகம்
* கடைசி நாளுக்கு முன் அனுப்பியதற்கான ஒப்புகை

ஒரே வாசகத்தைப் பலர் அனுப்புவது எதிர்ப்பின் அளவைக் காட்டும். ஆனால் பிறர் கூறாத ஓர் உண்மையைச் சான்றுடன் கூறும் ஒற்றைக் கடிதத்துக்குத் தனி மதிப்பு உண்டு. அவ்வுண்மையைப் பரிசீலிக்காமல் விட்டது பின்னாளில் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகலாம்.

விமர்சனங்கள்

மொழி: 1963 ஆம் ஆண்டின் ஆட்சி மொழிகள் சட்டப்படி இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுவதே போதுமானது என்பது 2020 ஆம் ஆண்டு வழக்கில் நடுவண் அரசின் நிலைப்பாடு. ஒரு திட்டத்துக்கான அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியில் கட்டாயம். எல்லாத் திட்டங்களையும் ஆளும் விதியின் வரைவுக்கோ அக்கட்டாயம் இல்லை என்பது இதிலுள்ள முரண்பாடு ஆகும்.

காலம்: பல நூறு பக்க அறிக்கையை வேலைக்குச் செல்லும் ஒருவர் 30 நாள்களில் படித்துக் கருத்து எழுதுவது கடினம். பெருநிறுவனங்களுக்கு இதற்கெனவே பணியாளர்கள் இருப்பதால் வாய்ப்பு சமமாக அமைவதில்லை.

பதிலின்மை: கருத்துகள் பெறப்பட்டன, பரிசீலிக்கப்பட்டன என்னும் ஒற்றை வரியுடன் இறுதி விதி வெளியாவதுண்டு. எக்கருத்து ஏற்கப்பட்டது, எது ஏன் மறுக்கப்பட்டது என்பது தெரியாதபோது மறுமுறை கருத்துக் கூற மக்கள் முன்வருவது குறையும் என விமர்சகர்கள் கூறுகின்றனர்.

காலதாமதம்: மறுபுறம், நீண்ட கலந்தாய்வு அவசர முடிவுகளைத் தாமதப்படுத்துகிறது என்ற வாதமும் உண்டு. பொதுநலன் கருதிய விலக்குகள் இதற்காகவே விதிகளில் இடம்பெற்றுள்ளன. காரணம் கூறாமல் அவற்றைப் பயன்படுத்த இயலாது என்பது 2024 ஆம் ஆண்டுத் தீர்ப்பால் தெளிவாகியுள்ளது.

இவற்றையும் பார்க்க

* தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005
* சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு
* கிராம சபை
* இணைய நடுநிலைமை
* அரசிதழ்