கூனல் வேறு, வளைவு வேறு

"நிமிர்ந்து உட்காரு!"

எங்கள் புனே வீட்டில் ஒரு காலத்தில் அதிகம் ஒலித்த வாக்கியம் இதுதான். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எழுதும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பாள். புத்தகப் பையைக் குறை சொன்னோம், செல்போனைக் குறை சொன்னோம், கடைசியில் அவளுடைய சோம்பலையே குறை சொன்னோம். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடிற்று.

அந்த வருஷம் பொங்கலுக்கு அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். பேத்திக்குத் தைத்துக் கொண்டுவந்த பட்டுப் பாவாடையைக் கட்டினால் ஒரு பக்கம் இரண்டு விரல் ஏறி நிற்கிறது. "தையக்காரன் சொதப்பிட்டான்" என்று பிரித்துத் தைத்தார். மறுபடியும் ஏறியது. வெள்ளிக்கிழமை பேத்திக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது உள்ளேயிருந்து என் மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வாம்மா, குழந்தைக்கு முதுகுல ஒரு பக்கம் மேடா இருக்கு பாரு."

எலும்பு மருத்துவர் அவளைக் குனியச் சொன்னார். பத்து வினாடிதான். பின்பக்கம் நின்று பார்த்துவிட்டு எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்கோலியோசிஸ். முதுகெலும்பு 28 டிகிரி பக்கவாட்டில் வளைந்திருந்தது. திரும்பும்போது காரில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "நான் நிமிர்ந்துதாம்ப்பா உக்காந்திருந்தேன்."

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு சுலபமான சோதனை நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. குழந்தையைக் குற்றவாளியாக்கியது நான் மட்டுமில்லை. பெரிய பெரிய மருத்துவர்களே அதைச் செய்திருக்கிறார்கள்!

முதுகு வளைவு பழைய நோய்தான். ஹிப்போகிராட்டிஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களிலேயே நோயாளியை ஏணியில் கட்டி உலுக்கும் வைத்தியம் வருகிறது. ஸ்கோலியோசிஸ் என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் கோணல் என்று பொருள். 16ம் நூற்றாண்டில் பிரான்சில் அம்ப்ருவாஸ் பாரே என்ற அறுவை மருத்துவர் இரும்பிலேயே கவசம் செய்து மாட்டினார். 1741ல் அதே நாட்டின் நிக்கோலா ஆந்த்ரி எழுதிய புத்தகம்தான் ஆர்த்தோபீடிக்ஸ் என்ற பெயரையே தந்தது. நேர், குழந்தை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் உண்டாக்கிய பெயர் அது. கோணலாக வளர்ந்த மரத்தைக் கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டிய அவருடைய படம் இன்றும் எலும்பு மருத்துவர்களின் சின்னமாக இருக்கிறது. ஆனால் சரியாக உட்காராததாலும் நிற்காததாலும்தான் முதுகு கோணுகிறது என்பது அவர் கட்சி. 19ம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பள்ளிக்கூட பெஞ்சு, டெஸ்க், சாய்த்து எழுதும் கையெழுத்து என்று பழி ஒவ்வொன்றாக மாறியது. நம்ம வீட்டுப் புத்தகப் பை, செல்போன் எல்லாம் அந்த வரிசையில் கடைசி வரவுதான்.

இந்தக் கதையில் எனக்குப் பெரிய ஆச்சரியம் தந்தவர் கிடியன் மான்டெல். இங்கிலாந்து மருத்துவர். இகுவனோடான் என்ற டைனோசருக்கு 1825ல் பெயர் வைத்தவரும் இவரே. 1841ல் ஒரு வண்டி விபத்தில் சிக்கியபின் முதுகுவலியால் அவதிப்பட்டார். இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் வீக்கம். கட்டி என்றே நினைத்தார்கள். வலிக்கு அபின் சாப்பிட்டு வந்தவர், 1852ல் அது அளவு மிஞ்சி இறந்துபோனார். உடலை அறுத்துப் பார்த்தால் கட்டி எதுவுமில்லை! முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்ததோடு தன்னைத்தானே முறுக்கிக் கொண்டும் இருந்தது. முறுக்கிய எலும்பு தசையை வெளியே தள்ளியதுதான் அந்த வீக்கம். முதுகின் நடுவே கையால் தொட்டால் தெரியும் எலும்பு முனைகள் பெரிதாக விலகாமல் இருந்ததால், இத்தனை பெரிய வளைவு வெளியே தெரியவில்லை.

இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஆடம்ஸ். 1865ல் வெளியான அவருடைய விரிவுரைகளில், நோயாளியை முன்னால் குனிய வைத்தால் இந்த முறுக்கு தெரியும் என்பதைச் சொன்னார். ஆடம்ஸ் சோதனை என்று அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. என் மகளுக்குப் பத்து வினாடியில் செய்தது அதைத்தான். எக்ஸ்ரே வந்தது 1895ல். வளைவை டிகிரியில் அளக்க ஜான் காப் முறை சொன்னது 1948ல். அதற்கெல்லாம் முன்பே வந்த சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம்.

நண்பர்களே, வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. வெறும் கூனல் என்றால் குழந்தை நினைத்தால் நிமிர முடியும். குனிந்தால் முதுகின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். ஸ்கோலியோசிஸ் என்றால் எவ்வளவு அதட்டினாலும் முறுக்கு போகாது. குனிந்தால் ஒரு பக்கம் மேடு தட்டும். கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து முதுகின் மட்டத்துக்கு உங்கள் கண்ணை இறக்கிப் பாருங்கள். நிற்கும்போது ஒரு தோள் உயர்ந்திருப்பது, ஒரு தோள்பட்டை எலும்பு துருத்துவது, இடுப்பின் வளைவு இரண்டு பக்கமும் வேறாக இருப்பது, இவையும் அடையாளங்கள். வலி இருக்க வேண்டும் என்பதில்லை. என் மகளுக்கு வலியே இல்லை. மாறாக, ராத்திரியில் எழுப்பும் வலி, கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்படாதது என்று ஏதாவது இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள், முடிந்தால் முதுகெலும்பு நிபுணரிடம். எக்ஸ்ரேயில் 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்பார்கள். சிறிய வளைவை அவ்வப்போது பார்த்துவந்தால் போதும். வளரும் வயதில் ஏறக்குறைய 25 முதல் 40 டிகிரி வரை பிரேஸ் போடச் சொல்வார்கள். அதற்கு மேல் போனால் அறுவை சிகிச்சைப் பேச்சு வரும். பிரேஸ் உண்மையில் பயன்படுமா என்ற பழைய சந்தேகத்துக்கு 2013ல் வெளியான ஓர் அமெரிக்க, கனடா ஆய்வு பதில் சொன்னது. வளர்ச்சி முடியும்போது 50 டிகிரியை எட்டாமல் தப்பியவர்கள் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 48 சதவீதம். அதிக நேரம் போட்டவர்களுக்கு அதிகப் பலன். ஆனால் எலும்பு வளர்ந்து முடிந்தபின் பிரேஸுக்கு வேலையில்லை. அதனால்தான் நாங்கள் திட்டிக் கழித்த அந்த ஒன்றரை வருஷம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மகளுக்கு வளைவு 31 டிகிரியில் நின்றது. இரண்டரை வருஷம் புனே வெயிலில் சட்டைக்குள் பிளாஸ்டிக் கவசத்தோடு பள்ளிக்கூடம் போனாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள், நன்றாக இருக்கிறாள்.

ஊரில் என்றால் வாராவாரம் எண்ணெய் தேய்த்துவிட ஒரு பாட்டி இருப்பாள். இங்கே நாம் இரண்டு பேரும் காலையில் ஓடிவிடுகிறோம். பத்து வயதுக்குமேல் பிள்ளைகள் தாங்களே குளித்துக்கொள்கிறார்கள். வளைவு வேகமாகக் கூடும் வயதும் அதுதான். அவர்கள் முதுகை யாருமே பார்ப்பதில்லை. எனவே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அம்மாவோ அப்பாவோ, பிள்ளையின் கூச்சத்தை மதித்து, ஒரு நிமிஷம் குனியச் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு வேண்டுமானால் "நிமிர்ந்து உட்காரு" என்று சொல்லிக்கொள்ளலாம்.