மூன்று வருட வளையமும் ஒரு பேரரசும்

கி.மு. 1200ஐ ஒட்டி ஹிட்டைட் பேரரசு இல்லாமல் போனது. இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில், ஹத்துசாவைத் தலைநகராக வைத்திருந்த அரசு அது. எகிப்தின் இரண்டாம் ராம்செஸோடு சரிக்குச் சரி போரிட்டு, பிறகு சமாதான உடன்படிக்கையும் செய்துகொண்டது. ஹத்துசாவில் ஏறத்தாழ 30,000 களிமண் பலகைகளும் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. சட்டம், சடங்கு, அரசர்களின் கடிதம் எல்லாம் அதில் இருக்கு. ஆனால் நகரம் ஏன் கைவிடப்பட்டது எண்டு சொல்லுகிற பலகை ஒன்றுகூட இல்லை.

நாங்கள் வழக்கமாகக் கேள்விப்படுகிற பதில் 'கடல் மக்கள்' வந்து அழித்தார்கள் என்பது. அது எகிப்தின் மூன்றாம் ராம்செஸ் தன் கோயில் சுவரில் எழுதிவைத்த கதை. வெற்றி பெற்ற அரசன் தன்னைப் பற்றிச் சொன்னது. ஹத்துசாவோ கடலிலிருந்து நல்ல தூரத்தில் உள்நாட்டில் இருக்கிறது. அங்கே அகழ்ந்தவர்களுக்குத் தெரிந்தது வேறு: தீ வைக்கப்படுவதற்கு முன்னமே நகரம் பெரும்பாலும் வெறுமையாகிவிட்டிருந்தது. அப்படியெண்டால் சனம் ஏன் வெளிக்கிட்டது?

இந்தக் கேள்விக்கு 2023இல் ஒரு சாட்சி வந்தது, அது மரம். ஹத்துசாவுக்கு மேற்கே கோர்டியன் என்ற இடத்தில் 53 மீற்றர் உயரமான ஒரு மண்மேடு இருக்கிறது. 1957இல் ரொட்னி யங் தலைமையில் அதைத் தோண்டியபோது உள்ளே மரத்தால் கட்டிய கல்லறை அறை கிடைத்தது. கட்டப்பட்ட காலம் கி.மு. 740 அளவில். அதைச் சுற்றி அடுக்கியிருந்தவை யூனிப்பர் மரக்குற்றிகள். யூனிப்பர் நீண்ட ஆயுள் கொண்ட மரம். ஆகவே அந்தக் குற்றிகளின் உள் வளையங்கள் ஹிட்டைட் அரசு விழுந்த காலத்துக்கும் முன்னால் போகின்றன. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டேர்ட் மானிங்கும் கூட்டாளிகளும் இவற்றைத்தான் வாசித்தார்கள்.

வளையம் ஒடுக்கமாக இருந்தால் வறட்சி எண்டு சொல்லிவிடலாமே? முடியாது. நிழல், பூச்சி, காயம், முதுமை எல்லாமே வளையத்தை ஒடுக்கும். அதனால் இரண்டாவது சாட்சி வேணும். அது காபன் சமதானி. இயற்கையில் நூறு காபன் அணுக்களில் ஏறத்தாழ ஒன்று பாரம் கூடிய காபன் 13. மரம் விரும்பி எடுப்பது இலேசான காபன் 12ஐ. தண்ணீர் இல்லாத காலத்தில் மரம் இலைவாய்களை மூடிக்கொள்ளும். உள்ளே அகப்பட்ட கொஞ்சக் காற்றுக்குள் தெரிவு செய்ய வழியில்லை, காபன் 13ஐயும் கூடுதலாக எடுக்க வேண்டிவரும். அந்த வருட வளையத்தில் அது பதிந்துவிடும்.

இதை வாசிக்க மரத்தைத் தயார்படுத்துவதுதான் பெரிய வேலை. இப்படியான ஆய்வுகூடங்களின் வழக்கமான முறை இது: முதலில் மேற்பரப்பைச் சீவி, வளையங்களை எண்ணி, மற்றக் குற்றிகளோடு பொருத்தி வருடம் குறிப்பார்கள். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழ், கூரிய கத்தியால் வளையம் வளையமாகப் பிரிப்பார்கள். பக்கத்து வருடத்தின் ஒரு சீவல் கலந்தாலும் கணக்குப் பிழைக்கும். அடுத்தது கழுவுதல். பிசின் ஒரு வளையத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரக்கூடியது, அதைக் கரைப்பானில் போட்டு எடுப்பார்கள். இலிக்னினை அமிலம் சேர்த்த சோடியம் குளோரைற்றுக் கரைசலும், மிச்சத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டும் நீக்கும். கடைசியில் வெள்ளையாகச் செலுலோசு மட்டும் மிஞ்சும். இலிக்னினும் செலுலோசும் ஒரே சமதானி அளவைக் காட்டுவதில்லை. பழைய மரத்தில் முதலில் உக்குவதும் செலுலோசுதான். பிரிக்காமல் அளந்தால், நாங்கள் வறட்சியை அளக்கிறோமா உக்கலை அளக்கிறோமா எண்டு விளங்காது. அந்தச் செலுலோசில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக நிறுத்து, தகரச் சிமிழில் மடித்து, எரித்து, வரும் காபனீரொட்சைட்டைத் திணிவு நிறமாலைமானி அளக்கும்.

கவனியுங்கோ, வாசித்த வளையத் துண்டு திரும்பக் கிடைக்காது. 3,200 வருடம் தப்பிவந்த பொருளை எரித்துத்தான் பதில் வாங்குகிறோம். அதனால்தான் எவ்வளவு வெட்டுவது, நாளைக்கு வருகிறவர்களுக்கு எவ்வளவு விடுவது என்பது வேதியியலுக்கு முன்னால் வருகிற கேள்வி.

பதில் என்ன? கி.மு. 1198 முதல் 1196 வரை, மூன்று வருடம் கூடக்குறைய, தொடர்ச்சியான கடும் வறட்சி. ஒரு வருடம் பொய்த்தால் களஞ்சியம் தாங்கும். அடுத்தடுத்து மூன்று வருடம் பொய்த்தால் விதைநெல்லுக்கு ஒப்பான விதைத் தானியமே சட்டிக்குள் போய்விடும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தின் மெர்னெப்டா ஹிட்டைட் நாட்டுக்குத் தானியம் அனுப்பியதாக எழுதிவைத்திருக்கிறான். அதாவது நெருக்கடி ஏற்கெனவே இருந்தது.

வறட்சி மட்டும்தான் பேரரசைக் கவிழ்த்தது எண்டு ஆய்வாளர்களே சொல்லவில்லை. இரண்டும் ஒரே காலத்தில் வருகின்றன என்பதுதான் அவர்கள் சொல்வது. போர், வரி, அரச குடும்பச் சண்டை எதையும் மரம் பதிவதில்லை. மரங்கள் வளர்ந்ததும் கோர்டியன் பக்கம்தான், ஹத்துசாவில் இல்லை. ஆனாலும் களிமண்ணில் பெயர் வராத உழவர்களின் மூன்று வருடத்தைப் பற்றி இப்ப எங்களிடம் ஒரு பதிவு இருக்கு. அதை எந்த அரசனும் எழுதச் சொல்லவில்லை.