ஜமைக்கா உயர்நிலைப்பள்ளி: தோற்றமும் முடிவும்

முன்னுரை

நிறுவனங்களின் வரலாற்றைத் தோற்றத்திலிருந்து எழுதுவதே மரபு. எனினும், சிலவற்றின் வரலாறு அவற்றின் முடிவிலிருந்தே தெளிவாகப் புலப்படுகிறது. நியூயார்க் மாநகரின் குயின்ஸ் பகுதியில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் இயங்கி, 2014 சூன் திங்களில் மூடப்பெற்ற ஜமைக்கா உயர்நிலைப்பள்ளி அத்தகையது. அப்பள்ளி தானே நலிந்ததா, நலிவிக்கப்பெற்றதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

இங்குக் குறிக்கப்பெறும் ஜமைக்கா கரீபியத் தீவன்று. குயின்சின் ஓர் ஊர்ப்பகுதி. நீர்நாயை ஒத்த பீவர் என்னும் விலங்கைக் குறிக்கும் தொல்குடிச் சொல்லே அப்பெயரின் மூலம் என்பர். 1892இல் பள்ளி தொடங்கியபோது குயின்ஸ் நியூயார்க் மாநகருடன் இணைந்திருக்கவில்லை. அவ்விணைப்பு 1898இல் நிகழ்ந்தது. வில்லியம் கோம்பெர்ட் வடிவமைத்த பெருங்கட்டடம் 1927இல் திறக்கப்பெற்றது. உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டு, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 8.90 மீட்டர் தாண்டிய பாப் பீமன் ஆகியோர் இங்குப் பயின்றவர்கள். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின்னர்த் தெற்காசியா, கரீபியம், இலத்தீன் அமெரிக்கா ஆகியவற்றிலிருந்து குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளும் இங்குச் சேர்ந்தனர். 1980களின் நடுவில் நடுவணரசின் கல்வித்துறை இதனைச் சிறந்த பள்ளிகளுள் ஒன்றாக ஏற்றது.

நலிவின் காரணங்கள்

2002இல் பள்ளிகளின் ஆட்சி மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கிடம் வந்தது. பெரிய பள்ளிகளை மூடிச் சிறுபள்ளிகளைத் தொடங்குவது அவரது நிருவாகத்தின் கொள்கையாயிற்று. மாணவர் தாம் விரும்பும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முறையும் விரிவடைந்தது. வாய்ப்புடையோர் வேறிடம் சென்றனர். ஆங்கிலம் புதிதாகக் கற்போரும் தனிக்கவனம் வேண்டுவோரும் எஞ்சினர். 2007இல் மாநில அரசு இப்பள்ளியை ‘தொடர்ந்து ஆபத்தானவை’ என்னும் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலிலுள்ள பள்ளியிலிருந்து மாணவர் இடம்மாற நடுவணரசுச் சட்டம் வழிவகுத்திருந்தமையால் சேர்க்கை மேலும் சரிந்தது.

ஏறத்தாழப் பாதி மாணவரே உரிய காலத்தில் பட்டம் பெறுவதை நகர நிருவாகம் காரணமாகக் காட்டியது. அது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆயின், மாணவர் தொகுதியை மாற்றியமைத்த கொள்கையின் விளைவைப் பள்ளியின் குறையாக மட்டும் கணக்கிடுதல் முழுமையான மதிப்பீடாகாது.

வழக்கும் முடிவும்

2010 சனவரியில் மூடும் தீர்மானம் நிறைவேறியது. ஆசிரியர் சங்கமும் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பும் வழக்குத் தொடுத்தன. சட்டம் வேண்டும் விளைவு அறிக்கைகள் முறையாக அமையவில்லை எனக் கூறி நீதிமன்றம் அதனை நீக்கியது. 2011 பிப்ரவரியில் மீண்டும் தீர்மானம் நிறைவேறியது. புதியோர் சேர்க்கை நின்று, இருந்தோர் படித்து வெளியேறும்வரை பள்ளி படிப்படியாகச் சுருங்கியது. அதே கட்டடத்தில் சிறுபள்ளிகள் இடம்பெற்றன.

முடிவுரை

2009இல் நகரம் இக்கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் அதனுள் இயங்கிய பள்ளியை மூட முடிவெடுத்தது. கல்லையும் தூணையும் காக்கச் சட்டம் இருந்தது. தலைமுறைகளை இணைத்த கல்வி மரபைக் காக்க அத்தகைய சட்டம் இல்லை. பள்ளி வரலாறு எழுதுவோர் தேர்ச்சி விழுக்காட்டுடன், அவ்விழுக்காடு உருவான சூழலையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது என்பது இதனால் பெறப்படும்.