ஜேம்ஸ் ஜே. பிராடாக்: கப்பல்துறைக் கூலியும் ஹெவிவெயிட் பட்டமும்

ஜேம்ஸ் வால்டர் பிராடாக் (7 ஜூன் 1905 – 29 நவம்பர் 1974) அமெரிக்கத் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். 1935 ஜூன் முதல் 1937 ஜூன் வரை உலக ஹெவிவெயிட் பட்டம் அவரிடம் இருந்தது. ஜேம்ஸ் ஜே. கார்பெட், ஜேம்ஸ் ஜே. ஜெஃப்ரிஸ் என்ற பழைய சாம்பியன்களின் பெயர்ச் சாயலில் ‘ஜேம்ஸ் ஜே. பிராடாக்’ என்று மேடையேறினார். பத்திரிகையாளர் டேமன் ரன்யன் அவருக்குச் சூட்டிய ‘சிண்டரெல்லா மனிதன்’ என்ற பட்டப்பெயர்தான் இன்று பலருக்கும் தெரியும். ரான் ஹோவர்ட் 2005இல் எடுத்த திரைப்படத்துக்கும் அதுவே தலைப்பு. அந்தப் பெயர் அவருடைய வாழ்க்கையை ஓர் அற்புதக் கதையாக்கிவிட்டது: வீரன் ஏழையானான், துறைமுகத்தில் மூட்டை தூக்கினான், பிறகு அதிர்ஷ்டம் கண் திறந்தது. இந்தச் சித்திரத்தில் மூட்டை தூக்கிய காலம் வெறும் இருட்டு, இரண்டு வெளிச்சங்களுக்கு இடையே வந்த கெட்ட காலம். ஆனால் கிடைக்கும் சான்றுகளைக் கோத்துப் பார்த்தால் அந்தக் கூலிவேலை பிராடாக்கின் குத்துச்சண்டை வரலாற்றுக்கு உள்ளேயே இருக்கிறது. அவர் எந்தக் கையால் குத்தினார், எந்த விலைக்குப் பட்டத்தைக் கைமாற்றினார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் கப்பல்துறையை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது.

பிராடாக் நியூயார்க் நகரின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில், அயர்லாந்து வழிவந்த உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பம் பின்னர் ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்தது. 1926இல் தொழில்முறை வீரரானார். உயரமான உடல், வலிமையான வலக்கை, எளிதில் சாயாத தாடை ஆகியவையே அவருடைய முதல். லைட் ஹெவிவெயிட் பிரிவில் 1928 நவம்பரில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் டஃபி கிரிஃபித்ஸை இரண்டாவது சுற்றிலேயே நாக் அவுட் செய்தபோது அவர் பெயர் நாடெங்கும் பரவியது. அந்த வேகத்தில் 1929 ஜூலை 18 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் உலகச் சாம்பியன் டாமி லாக்ரனை எதிர்கொண்டார். லாக்ரன் வேகமான காலும் கூர்மையான இடக்கையும் கொண்ட நுட்பக்காரர். பதினைந்து சுற்றும் பிராடாக்கின் வலக்கை அவரைத் தேடிக்கொண்டே இருந்தது, அவர் அகப்படவில்லை. ஒற்றைக் கையை நம்பிய வீரனை எப்படி அடக்குவது என்பதைப் பிற வீரர்களும் அன்று பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த நான்கு ஆண்டுகளில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். அதே 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கியது. சேர்த்து வைத்த பணம் கரைந்தது. நம்பியிருந்த வலக்கையும் திரும்பத் திரும்ப முறிந்தது. குத்துச்சண்டை வீரனுக்குக் கை என்பது தச்சனுக்கு உளி மாதிரி, ஆனால் உடைந்தால் கடையில் புதிது வாங்க முடியாது. எலும்பு முழுதாகக் கூடும்வரை காத்திருக்க வீட்டில் அரிசிப் பானை விடாது. ஆறாத கையோடு அடுத்த போட்டி, அதில் மீண்டும் முறிவு, அதனால் தோல்வி, அதனால் இன்னும் குறைந்த பணத்துக்கு இன்னொரு போட்டி என்று சுழல் இறங்கிக்கொண்டே போனது. 1933 செப்டம்பரில் மவுண்ட் வெர்னனில் ஏப் ஃபெல்ட்மேனுடன் நடந்த போட்டி முடிவில்லாமல் நிறுத்தப்பட்டபோது கை மறுபடி உடைந்திருந்தது. மனைவி மே, மூன்று சிறு குழந்தைகள், வருமானம் எதுவும் இல்லை. பிராடாக் ஹோபோகன், வீஹாக்கன் துறைகளில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். அதுவும் போதாமல் போனபோது அரசு நிவாரணப் பணத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்த நாளைய நியூயார்க் துறைமுகத்தில் ஆள் எடுக்கும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வரலாறு விளங்காது. காலையில் தொழிலாளர்கள் கப்பல் மேடையின் முன்னால் அரைவட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி வந்து பார்த்து இன்னார் இன்னார் என்று கைகாட்டுவார். அவர் கை நீண்டவர்களுக்கு அன்று கூலி உண்டு, மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டும். நேற்று நன்றாக உழைத்தவன் என்பதற்காக இன்று வேலை கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. மேஸ்திரிக்கு வேண்டியவராக இருப்பதும், கூலியில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதும் அதில் புழங்கிய வழக்கம். ஊழல் விசாரணைகளுக்குப் பிறகு 1953இல்தான் இம்முறை அங்கே சட்டப்படி ஒழிந்தது. இதே ஹோபோகனில் படமாக்கப்பட்டு 1954இல் வந்த ‘ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்’ படத்தில் மார்லன் பிராண்டோ ஏற்ற பாத்திரம், துறைமுகக் கூலியாகிவிட்ட முன்னாள் குத்துச்சண்டை வீரன். கதாசிரியர் இரண்டு தொழில்களையும் சும்மா ஒட்டவைக்கவில்லை. குத்துச்சண்டையும் அதே அரைவட்டம்தான். போட்டி ஏற்பாட்டாளர் கைகாட்டினால் மேடை, இல்லையென்றால் இல்லை. மேனேஜருக்கு ஒரு பங்கு. உடல் ஓய்ந்தால் ஓய்வூதியம் கிடையாது. துறைமுகத்துக்குப் போன பிராடாக் தொழிலை மாற்றிக்கொண்டார் என்பதைவிட, ஒரே வகைத் தினக்கூலியில் இடத்தை மாற்றிக்கொண்டார் என்பதே சரி.

அந்த இடமாற்றம் அவர் உடலில் ஒரு வேலை செய்தது. வலக்கை ஆறாத நிலையில் கொக்கியைப் பிடித்து இழுப்பது, பொதியைப் புரட்டுவது, பாரம் தாங்குவது எல்லாம் இடக்கைக்கு வந்தது என்றும், பல மாதம் அப்படி உழைத்ததில் அதுவரை சோம்பிக் கிடந்த இடக்கை வலுப்பெற்றது என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பின்னால் சேர்த்த அலங்காரமாக இருக்கலாமே என்று ஐயப்படுபவர்கள் ஜான் ஹென்றி லூயிஸுடன் நடந்த இரண்டு போட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1932இல் சான் பிரான்சிஸ்கோவில் பதினெட்டு வயது லூயிஸிடம் பிராடாக் புள்ளிகளில் தோற்றார். 1934 நவம்பரில், துறைமுகக் காலத்துக்குப் பிறகு, அதே லூயிஸைப் பத்துச் சுற்றுகளில் வென்றார். இடைப்பட்ட இரண்டு ஆண்டில் லூயிஸ் தேய்ந்துபோகவில்லை, வளர்ந்துகொண்டிருந்தார். அடுத்த ஆண்டே லைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்தைப் பிடித்தார். இளையவர் தேறிக்கொண்டிருந்தபோதே மூத்தவர் அவரைத் தாண்டியிருக்கிறார் என்றால், மூத்தவரிடம் புதிதாக ஏதோ சேர்ந்திருக்க வேண்டும். உடைந்த வலக்கைக்குக் கிடைத்த நீண்ட ஓய்வும் இடக்கைக்குக் கிடைத்த நீண்ட உழைப்பும்தான் இடையில் மாறியவை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஹோபோகன் துறையில் ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை தூக்கினார்கள். அவர்கள் யாரும் சாம்பியன் ஆகவில்லையே? உழைப்பு உடலைச் செதுக்குவதைவிடத் தேய்ப்பதுதான் அதிகம் என்பது உண்மை, அதை மறைத்துக் கூலிவேலையைப் பயிற்சிக்கூடம் என்று புகழ்வது தொழிலாளிக்குச் செய்யும் அநீதி. கப்பல்துறை சாம்பியன்களை உருவாக்கும் என்பது என் வாதம் அன்று. ஏழெட்டு ஆண்டு மேடை அனுபவம் ஏற்கெனவே உடலில் ஊறிய ஒருவருக்கு, அவரிடம் இல்லாதிருந்த ஒன்றே ஒன்றை அந்த வேலை தற்செயலாகக் கொடுத்தது என்பது மட்டுமே. வேல்ஸின் ஜிம்மி வைல்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து உலக ஃப்ளைவெயிட் சாம்பியன் ஆனவர். ஒல்லியான அந்த உடலிலிருந்து வந்த குத்தின் கனத்துக்குச் சுரங்கத்தைக் காரணம் காட்டியவர்கள் உண்டு. எதிர்த் திசையில் சார்லி பர்லி இருக்கிறார். பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த இந்தக் கறுப்பின வீரர் 1944இல் ஆர்ச்சி மூரை வீழ்த்தும் அளவுக்குத் திறமை உள்ளவர். ஆனால் உலகப் பட்டத்துக்கான ஒரு போட்டிகூட அவருக்குத் தரப்படவில்லை. நகரசபையின் குப்பை அள்ளும் வேலை அவர் வீட்டைக் காத்தது. பர்லிக்கு ரன்யன் மாதிரி யாரும் தேவதைக் கதைப் பெயர் வைக்கவில்லை. திறமையும் உழைப்பும் ஒன்றாக இருந்தும் கைகாட்டும் மேஸ்திரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி.

பிராடாக்குக்குக் கைகாட்டியவர் மேனேஜர் ஜோ கூல்ட். 1934 ஜூன் 14 அன்று லாங் ஐலண்ட் சிட்டியில் இருந்த மாடிசன் ஸ்கொயர் கார்டன் பௌல் என்ற திறந்தவெளி அரங்கில் பிரைமோ கார்னேராவுக்கும் மாக்ஸ் பேயருக்கும் பட்டப் போட்டி. அதற்கு முன்பான துணைப் போட்டியில் கார்ன் கிரிஃபின் என்ற வளரும் வீரருக்கு எதிராள் தேவைப்பட்டபோது கூல்ட் பிராடாக்கை நுழைத்தார். பயிற்சிக்கு நாளில்லை, ஊதியம் 250 டாலர். கிரிஃபினுக்கு ஏறும் படியாக இருந்துவிட்டுப் போவார் என்பதே ஏற்பாடு. இரண்டாவது சுற்றில் கீழே விழுந்த பிராடாக் மூன்றாவதில் கிரிஃபினை நாக் அவுட் செய்தார். அதன் பிறகு லூயிஸ், 1935 மார்ச்சில் ஆர்ட் லாஸ்கி என்று இரண்டு வெற்றி. பட்டப் போட்டிக்கு வழி திறந்தது.

1935 ஜூன் 13 அன்று அதே பௌல் அரங்கில் மாக்ஸ் பேயர் எதிரே நின்றார். பத்துக்கு ஒன்று என்ற அளவில் பந்தயம் பேயர் பக்கம். ஏறத்தாழ பதினைந்து பவுண்டு எடை கூடுதல், நான்கு ஆண்டு இளையவர், 1930இல் அவரிடம் குத்து வாங்கிய ஃபிராங்கி கேம்பெல் இறந்துபோனதால் வலக்கையைப் பற்றி எல்லாருக்கும் ஒரு நடுக்கம். அந்த வலக்கைக்கு எட்டாத பக்கமாக நகர்ந்துகொண்டே பிராடாக் இடக்கையால் ஜாப் குத்துகளைப் போட்டார். பதினைந்து சுற்று முடிவில் ஒருமனதான தீர்ப்பு அவருக்கு. பேயர் பயிற்சியில் அசட்டையாக இருந்தார், மேடையில் கோமாளித்தனம் செய்து சுற்றுகளை இழந்தார், ஆகவே இது அவருடைய தோல்வியே தவிர பிராடாக்கின் வெற்றி அன்று என்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அசட்டை உண்மைதான். ஆனால் அந்த அரங்கில் 1932 முதல் 1935 வரை ஆண்டுக்கொரு ஹெவிவெயிட் சாம்பியன் பட்டம் இழந்தார்: ஷ்மெலிங், ஷார்க்கி, கார்னேரா, பேயர். சாம்பியனின் அசட்டை எல்லாருக்கும் கிடைக்கும் சரக்கு. அதைப் பதினைந்து சுற்றுப் பொறுமையாக எடுத்துக்கொள்ளும் ஒழுங்கு எல்லாரிடமும் இருக்காது. தவிர, பிராடாக் வென்ற கை லாக்ரனிடம் தோற்றபோது அவரிடம் இல்லாத கை.

வாங்கிய நிவாரணப் பணத்தை, இருநூறு டாலருக்கு மேற்பட்ட தொகையை, பிராடாக் அரசுக்குத் திருப்பிச் செலுத்தினார். பத்திரிகைகள் கொண்டாடியது இதைத்தான். அவருடைய மானம் மதிக்கத்தக்கது. ஆனால் அந்தச் செயலை எடுத்துக்காட்டி, நிவாரணம் கடன்தான், நல்லவன் திருப்பித் தருவான் என்று ஏழைகளுக்குப் பாடம் சொன்னால் அது பிழை. திருப்பித் தர ஓர் உலகப் பட்டம் தேவைப்பட்டது என்பதையே அந்நிகழ்ச்சி காட்டுகிறது. அந்தப் பணம் இல்லாதிருந்தால் பட்டம்வரை வரக் குடும்பம் தாங்கியிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பட்டம் வென்ற பிறகு இரண்டு ஆண்டு அவர் அதைப் பணயம் வைத்துச் சண்டையிடவில்லை. வரிசைப்படி வாய்ப்பு மாக்ஸ் ஷ்மெலிங்குக்கு உரியது. 1936இல் ஜோ லூயிஸைப் பன்னிரண்டாவது சுற்றில் வீழ்த்தியவர் அவர். 1937 ஜூனில் போட்டி நடத்த ஒப்பந்தமும் ஆகியிருந்தது. ஹிட்லரின் ஜெர்மனிக்குப் பட்டம் போகக்கூடாது என்று நியூயார்க்கில் புறக்கணிப்பு இயக்கம் எழுந்தது. பிராடாக்கும் கூல்டும் ஒப்பந்தத்தை விட்டு விலகி, லூயிஸுடன் சிகாகோவில் மோத முடிவு செய்தார்கள். மாடிசன் ஸ்கொயர் கார்டன் நிறுவனம் வழக்குப் போட்டும் தடுக்க முடியவில்லை. இதற்காக கூல்ட் கேட்டு வாங்கிய விலை குறிப்பிடத்தக்கது: லூயிஸின் ஏற்பாட்டாளர் மைக் ஜேக்கப்ஸ் ஹெவிவெயிட் பட்டப் போட்டிகளில் ஈட்டும் லாபத்தில் பத்தில் ஒரு பங்கு, பத்து ஆண்டுகளுக்கு. வீரனுக்குரிய நேர்மை இதில் எங்கே என்று கேட்டார்கள். ஷ்மெலிங்குக்கு அநீதி நடந்தது என்பதை மறுக்க முடியாது. அரசியல் கொள்கை மட்டுமே இங்கே வேலை செய்தது என்று சொல்லவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு காலையும் அரைவட்டத்தில் நின்று அன்றைய கூலிக்காக அன்றைய உடலை விற்றுப் பார்த்த ஒருவர், தம்மிடம் இருந்த ஒரே சொத்தை ஒருநாள் கூலிக்கு விற்க மறுத்திருக்கிறார். முப்பத்திரண்டு வயது, தேய்ந்த கைகள், எதிரே இருபத்து மூன்று வயது லூயிஸ். தோல்வி ஏறக்குறைய நிச்சயம் என்று தெரிந்த ஒரு நாளின் உழைப்பைப் பத்தாண்டு வருமானமாக மாற்றிய ஒப்பந்தம் அது. அந்த முடிவால் இன்னொன்றும் நடந்தது. 1915இல் ஜாக் ஜான்சன் பட்டம் இழந்தபின் இருபத்திரண்டு ஆண்டாக எந்தக் கறுப்பின வீரருக்கும் திறக்காத ஹெவிவெயிட் கதவு திறந்தது. அதன் வழியே வந்த ஜோ லூயிஸும் டெட்ராய்ட் கார் ஆலையில் வேலை பார்த்தவர்.

1937 ஜூன் 22 அன்று கொமிஸ்கி பார்க்கில் முதல் சுற்றிலேயே பிராடாக் லூயிஸைக் கீழே தள்ளினார். லூயிஸ் எழுந்தார், எட்டாவது சுற்றில் நாக் அவுட் செய்தார். 1938 ஜனவரியில் வேல்ஸ் நாட்டு முன்னாள் சுரங்கத் தொழிலாளி டாமி ஃபாரைப் புள்ளிகளில் வென்று பிராடாக் ஓய்வு பெற்றார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் லெப்டினன்டாகப் பணியாற்றினார். போருக்குப் பின் கப்பல் உபகரண வியாபாரம் செய்தார். பட்டத்துக்குப் பின் நார்த் பெர்கனில் வாங்கிய வீட்டிலேயே கடைசிவரை வாழ்ந்தார். அவ்வூர்ப் பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2001இல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 1960களின் தொடக்கத்தில், ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய முன்னாள் உலகச் சாம்பியன், வெரசானோ-நாரோஸ் பாலத்தின் கட்டுமானத்தில் வேலை பார்த்தார். 1964 நவம்பரில் திறக்கப்பட்ட அந்தப் பாலம் நியூயார்க் துறைமுகத்தின் வாயிலில் நிற்கிறது. கடலிலிருந்து ஹோபோகன் நோக்கி வரும் கப்பல்கள் அதன் அடியில்தான் நுழைகின்றன.