சிநேகிதர்கள் சண்டை போடும் முறை

சிநேகம் முறிவதற்கு அபிப்பிராய பேதமே காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கதை எழுதுகிறவன், மனிதர்கள் பிரிகிற கட்டத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நான் பார்த்த மட்டில், பேதத்தைக் காட்டிலும் அது நம்மை வந்து சேரும் வழிதான் மனத்தை முறிக்கிறது. நம் குறையை நம்மிடம் சொல்லாமல் நாலு பேரிடம் சொன்னார் என்று கேள்விப்படும்போதுதான் முள் தைக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் சரித்திரத்தில் உண்டு. அதன் ஆரம்பம் நம் திருநெல்வேலியில்.

1934 ஜனவரி 15-ஆம் தேதி பிஹாரில் பெரும் பூகம்பம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். காந்திஜி அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னாட்டில் யாத்திரை செய்துகொண்டிருந்தார். 24-ஆம் தேதி திருநெல்வேலியில் பேசுகையில், தீண்டாமை என்னும் பாபத்துக்குக் கடவுள் அளித்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்றார்.

பத்திரிகையில் இதைக் கண்ட ரவீந்திரநாத் தாகூருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீண்டாமையை அவரும் வெறுத்தவர்தான். ஆனால் பூமி நடுங்குவதற்கும் மனிதன் செய்த பாபத்துக்கும் முடிச்சுப் போடலாமா? உடனே ஒரு மறுப்பு எழுதினார்.

மகாகவியின் மறுப்பு என்றால் எந்தப் பத்திரிகைதான் போடாது? ஆனால் அவர் அதைக் காந்திஜிக்கே அனுப்பினார். கூடவே 28-ஆம் தேதியிட்ட ஒரு கடிதம். பத்திரிகையில் வந்தது மெய்தானா, மெய்யானால் இந்த மறுப்பைத் தாங்களே பிரசுரத்துக்குக் கொடுங்கள், உண்மை தெரியாமல் தங்களைக் கண்டிக்க எனக்கு விருப்பமில்லை என்பது அதன் சாரம்.

காந்திஜி மழுப்பவில்லை. பேசியது வாஸ்தவம் என்று ஒப்புக்கொண்டு, பிப்ரவரி 16-ஆம் தேதி 'ஹரிஜன்' இதழில் கவியின் மறுப்பை வெளியிட்டார். தம் பதிலையும் அதிலேயே எழுதினார். இருவரும் தத்தம் கட்சியிலிருந்து இம்மியும் நகரவில்லை. வழக்கைப் பொறுத்தவரை நான் தாகூர் பக்கம்தான். ஆனால் வழக்காடிய முறையில் இருவருக்கும் சம மதிப்பெண் போடுவேன்.

அது அவர்களுடைய முதல் சண்டையும் அல்ல. 1921-இல் அந்நியத் துணி எரிப்பதைத் தாகூர் பகிரங்கமாகக் கண்டித்தார். காந்திஜியும் பகிரங்கமாகவே பதில் எழுதினார். அந்தப் பதிலின் தலைப்பிலேயே கவியை 'மாபெரும் காவலர்' என்று போற்றினார். 1932 செப்டம்பர் 26-ஆம் தேதி எரவாடா சிறையில் காந்திஜி உண்ணாவிரதத்தை முடித்தபோது அருகில் இருந்து பாடியவர் அதே தாகூர்தான்.

பூகம்பச் சண்டைக்குப் பின் என்ன ஆயிற்று? 1936-இல், 74 வயதுக் கிழவர், தம் விசுவபாரதிக்குப் பணம் திரட்ட நாட்டியக் கோஷ்டியோடு ஊர் ஊராக அலைந்தார். டில்லியில் இதை அறிந்த காந்திஜி, அன்பர்களிடமிருந்து 60,000 ரூபாய் வாங்கிக் கொடுத்து, இந்த வயதில் இப்படி அலைய வேண்டாம் என்று தடுத்தார்.

1940 பிப்ரவரியில் காந்திஜி சாந்திநிகேதனம் வந்து விடைபெறும் சமயம், கவி அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். விசுவபாரதியைத் தங்கள் பாதுகாப்பில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அதில் இருந்த வேண்டுகோள். மறு வருஷம் ஆகஸ்டு 7-ஆம் தேதி கவி காலமானார். காந்திஜி அந்தப் பொறுப்பை மௌலானா ஆஸாத்திடமும் சொல்லி வைத்தார். 1951-இல் விசுவபாரதி மத்திய சர்வகலாசாலை ஆயிற்று.

தாகூரைச் சுற்றி, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டக்கூடிய பக்தர்களுக்குப் பஞ்சமா? இருந்தும், ஆயுள் முழுவதும் உழைத்து வளர்த்த ஸ்தாபனத்தைத் தம்மோடு இருபது வருஷம் வாதாடியவரிடம்தான் ஒப்படைக்கத் தோன்றியது. இந்த மனிதர் மனத்தில் ஒன்று, வாக்கில் ஒன்று வைக்கமாட்டார் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

நம் சிநேகிதர் மேல் நமக்கும் நாளைக்கே கோபம் வரலாம். வரட்டும். நாலு பேரிடம் சொல்லுமுன், 'நான் கேள்விப்பட்டது மெய்தானா?' என்று அவருக்கு ஒரு கடுதாசி போட்டுவிட்டுப் பிறகு சண்டையை ஆரம்பிக்கலாம்.