காவல்துறையும் தனிநபர் சமூக ஊடகக் கணக்குகளும்

குற்ற விசாரணைக்காக ஒருவரின் வாட்ஸ்அப், முகநூல், இன்ஸ்டாகிராம் கணக்குகளுக்குள் காவல்துறை நுழைய இந்தியாவில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. செய்திகளை இடைமறித்துக் கண்காணிக்க, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆம் பிரிவின்கீழ் பொதுவாக உள்துறைச் செயலரின் எழுத்துபூர்வமான ஆணை வேண்டும்; அது 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டாது. கைபேசியையே கைப்பற்றித் திறப்பது மற்றொரு வழி. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படி, தகவல்தொடர்புக் கருவியை ஒப்படைக்குமாறு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே உத்தரவிடலாம். முன்னதற்கு உயர் அதிகாரியின் ஆணையும் கால வரம்பும் தேவைப்பட, அதைவிட அதிகம் வெளிப்படுத்தும் பின்னதற்கு ஒரு நிலைய அதிகாரியின் உத்தரவு போதும் என்பது தலைகீழான ஏற்பாடு. நீதிபதியின் முன் அனுமதிதான் இதைச் சீராக்கும்.

அண்ணா பல்கலைக்கழக மாணவி மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு அந்த அனுமதியின் தேவைக்குத் தெளிவான சான்று. 2024 டிசம்பரில் அந்த வழக்கின் முதல் தகவல் அறிக்கை, மாணவியின் அடையாளத்துடன் இணையத்தில் கசிந்தது. சென்னை உயர்நீதிமன்றம் மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவு பற்றிய விசாரணையில் அக்குழு செய்தியாளர்களை அழைத்து, அவர்களின் கைபேசிகளைப் பறிமுதல் செய்தது. 2025 பிப்ரவரியில் நீதிபதி ஜி.கே. இளந்திரையன் அவற்றைத் திருப்பித் தர உத்தரவிட்டார். கசிந்தது காவல்துறையின் ஆவணம். பறிபோனது செய்தியாளரின் கைபேசி. அரசின் பாதுகாப்பில் இருக்கும் தகவலும் வெளியேறும் என்பதற்கு இந்த வழக்கே சாட்சி. தேவைக்கு மேல் ஒரு வரியும் அங்கே சேரக்கூடாது என்று சொல்ல இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஒருவர் மனதில் உள்ளதை வலிந்து வெளிக்கொணரும் உண்மை கண்டறியும் சோதனைகளை 2010இல் செல்வி வழக்கு தடுத்தது. ஆனால் கடவுச்சொல் விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒன்றுபடவில்லை. அதைச் சொல்ல வைப்பது தனக்கு எதிரான சாட்சியம் ஆகாது என்றது கர்நாடக உயர்நீதிமன்றம் (2021). குற்றம்சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது டெல்லி சிறப்பு நீதிமன்றம் (2022).

அனுமதிக்குக் காத்திருந்தால் தடயம் அழிந்துவிடும், குழந்தைகளைச் சீரழிப்பவர்கள் தப்பிவிடுவார்கள் என்பது காவல்துறையின் வாதம். அந்தக் கவலை நியாயமானது. அதற்கான விடையும் கர்நாடகத் தீர்ப்பிலேயே இருக்கிறது: வழக்கமாகத் தேடுதல் வாரண்ட் வேண்டும்; அவசரமெனில் காரணத்தை எழுதி வைத்துவிட்டுத் தேடலாம். ‘அவரே விரும்பித் திறந்து கொடுத்தார்’ என்ற வாதம் இன்னும் பலவீனமானது. சேர்வராயன் மலையில் மாரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு தோட்டத் தொழிலாளியிடம் ஏற்காடு காவல் நிலையத்தில் “லாக்கை எடு” என்றால், அவர் மறுப்பாரா? வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் மகளிர் குழுவின் உரையாடலும் அந்த ஒரே கைபேசியில் இருக்கும். பிறகு முறையிட மாவட்ட நீதிமன்றம் போக வேண்டுமானால், இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் செல்ல வேண்டும். அச்சத்தில் பிறந்த சம்மதம் சம்மதமல்ல. ஆகவே எந்தக் கணக்கு, எந்தக் காலப்பகுதி, எந்தக் குற்றம் என்று வரையறுக்கும் நீதிபதியின் ஆணையைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும். வழக்குக்குத் தொடர்பில்லாத தகவலை அழிக்கும் பொறுப்பையும் காவல்துறை மீது சுமத்த வேண்டும்.