நினைவுக்கு ஆகும் மின்செலவு

சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-ஆம் ஆண்டில் பெறப்பட்ட மின்சாரம், முதன்முதலில் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. ஆயிரக்கணக்கான தமிழர் சுரங்கத்தில் உழைத்த ஊர் அது என்பதை நேயர்கள் அறிவார்கள். பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு ஒளிர்ந்தது 1905-இல்தான். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தும், மின்சாரம் ஒழுங்காக எட்டாத சிற்றூர்கள் நாட்டில் பல இருந்தன. அவற்றுக்கேற்ற கணிப்பொறி ஒன்றை அதே பெங்களூரில் சிலர் அமைக்க முற்பட்டபோது, பழைய கேள்வி ஒன்று அவர்கள் முன்னும் நின்றது. மறவாதிருப்பதற்கு ஒரு பொறிக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

தொடக்கக் காலப் பொறிகள் சிலவற்றுக்கு இக்கவலை இல்லை. சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில், பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960-இல் இயங்கத் தொடங்கிய பொறி, பின்னர் டிஃப்ராக் எனப் பெயர் பெற்றது. அதன் நினைவகம் சின்னஞ்சிறு காந்த வளையங்களால் ஆனது. 40 இலக்கங்கள் கொண்ட 2,048 சொற்கள் அதில் அடங்கின. பொறியின் வால்வுகள் மின்சாரத்தை விழுங்கின என்பது மெய்யே. ஆயினும் மின்னோட்டம் நின்றபோதும் வளையம் தன் காந்தத்தை இழப்பதில்லை.

அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற முறை வேறு. ஓர் இலக்கத்துக்கு ஒரு டிரான்சிஸ்டரும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றும் போதும். மலிவானது, சிறிய இடத்தில் அடங்குவது. ஆனால் ஏற்றிய மின்னூட்டம் ஓட்டைக் குடத்து நீர்போலக் கசிந்துவிடும். ஆகவே, பொதுவாக 64 மில்லிவிநாடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் படித்து மீண்டும் எழுதியாக வேண்டும். பொறி வாளா இருக்கும் நேரத்திலும் இச்செலவு நிற்பதில்லை. இதனைப் 'புதுப்பித்தல்' என மொழிபெயர்ப்பது வழக்கம். 'ஓதுவித்தல்' என்பதே பொருத்தம் என்று, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குத் தோன்றுவதுண்டு. மறக்கும் பிள்ளைக்குப் பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பதல்லவா அது!

1998-இல் பெங்களூரில் நடந்த மாநாடு ஒன்றில் எழுந்த எண்ணத்தின் விளைவாக, இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சுவாமி மனோகர், விஜய் சந்துரு முதலியோரும் என்கோர் நிறுவனத்தாரும் கூடி வகுத்ததே சிம்ப்யூட்டர். கையில் அடங்குவது, சிறு மின்கலங்களால் இயங்குவது. அதன் ஸ்டிராங்ஆர்ம் செயலி, தான் உறங்குமுன், நினைவகச் சில்லுகள் தம்மைத்தாமே ஓதுவித்துக்கொள்ளுமாறு விட்டுச்செல்ல வல்லது. பிற உறுப்புகள் ஓய்ந்திருக்க, மறவாமைக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் செல்லும்.

இதனினும் நயமானது மற்றோர் ஏற்பாடு. ஊருக்குப் பொதுவாக ஒரு பொறி. ஆளுக்கொரு சிறு அட்டை. அவரவர் குறிப்பும் கணக்கும் அட்டையில் பதிந்து அவரவர் வீட்டுக்கே போய்விடும். பெட்டிக்குள் கிடக்கும் அட்டைக்கு, டிஃப்ராக்கின் வளையத்துக்குப் போலவே, மின்சாரம் வேண்டியதில்லை. ஏழை நாட்டின் சிக்கனம் இங்கே பொறியியலாகவே மாறிவிட்டது.

2004-இல் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பாக 'அமிடா' என்னும் வகை விற்பனைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. சிற்றூர்களுக்குள் புகுந்தது கைப்பேசியே. அதுவும் சட்டைப்பையில் உறங்கும்போது தன் நினைவகத்தை இவ்வாறே ஓதுவித்துக்கொண்டிருக்கிறது.